டீசல் சுமக்கிற விவசாயி கடத்தல்காரன் அல்ல!



இந்த வருஷம் நம் சங்க அலுவலகத்துக்கு வந்த மனுக்களைப் பிரித்து அடுக்கிப் பார்த்தோம். பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று பிடிப்பது, இதெல்லாம் எப்போதும் வருபவை. புதிதாக ஒரு கட்டு சேர்ந்திருக்கிறது. குட்டி யானையிலும் பிக்கப்பிலும் பட்டறையில் அடித்து மாட்டிய இரண்டாவது டீசல் டேங்க் பற்றிய மனுக்கள். 'சாவடியில் வண்டியைப் பிடித்துவிட்டார்கள்', 'பிரேக் இன்ஸ்பெக்டர் எஃப்.சி. தர மறுக்கிறார்', 'டீசல் கடத்துறியா என்று கேட்டார்கள்', 'அபராதம் கட்ட நகையை அடகு வைத்தேன்'. எல்லா மனுவிலும் கடைசி வரி ஒன்றுதான்: சங்கம் தலையிட்டு, டேங்கைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்ல வேண்டும்.

செயற்குழு கூடி ஒரு முழுப் பகல் இதைப் பேசியது. சத்தம் போட்டுத்தான் பேசினோம், ஒளிப்பானேன்? கடன் போட்டு வண்டி வாங்கிய தம்பிமார்கள் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். காரணம் பின்னால் வருகிறது. டீசல் சுமக்கிற விவசாயியைக் கடத்தல்காரன் என்று எவர் சொன்னாலும் சங்கம் தெருவில் இறங்கும். ஆனால் வண்டியின் எஞ்சினோடு சேர்த்து மாட்டிய அந்த இரண்டாவது டேங்கைக் காப்பாற்றச் சங்கம் வராது. அதைக் கழட்டுங்கள் என்று சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

கோபம் வரும். வரட்டும். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நாம் ஏன் டீசல் சுமக்கிறோம்?

மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தால் பேப்பரில் படம் வருகிறது, பூ தூவுகிறார்கள். கல்லணை தாண்டி, ஆறு தாண்டி, கிளை வாய்க்கால் தாண்டி அது கடைமடைக்கு வந்து சேரும்போது பூவும் இல்லை, தண்ணீரும் இல்லை. முறை வைக்கிறார்கள். நம் முறை வருவதற்குள் நாற்று பழுத்துவிடுகிறது. வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தால் அது தானாக வயலுக்கு ஏறாது, இறைத்துத்தான் ஏற்ற வேண்டும். மேற்கே இருப்பவர்களுக்கு போர் உண்டு, இலவச மின்சாரம் உண்டு. நல்லது, இருக்கட்டும். கடலோரத்தில் நாம் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். ஆகவே வாய்க்கால், வடிகால், குட்டை என்று எங்கே நல்ல தண்ணீர் நிற்கிறதோ அங்கே டீசல் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போகிறோம். இன்றைக்கு ஒரு கரை, நாளைக்கு வேறு கரை. அங்கெல்லாம் யார் கம்பி இழுப்பார்கள்? ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டி சம்பா முழுகினால், அதே எஞ்சின்தான் தண்ணீரை வெளியே இறைக்கிறது. காய்ந்தாலும் டீசல், பேய்ந்தாலும் டீசல்.

ஐந்து குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். ஒரு ஏக்கருக்கு ஒரு தண்ணீர் வைக்க எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு தடவைக்கு ஐம்பது லிட்டர். போகத்துக்கு நாலைந்து தடவை இறைத்தால் இருநூறு, இருநூற்றைம்பது லிட்டர். உழவும் அறுவடையும் இதில் சேரவில்லை. சேலம், ஆத்தூர்ப் பக்கமிருந்து லாரியில் ஏற்றி வரும் பெல்ட் மெஷினை ஈர வயலில் இறக்கிவிட்டால், அது ரோட்டில் ஓடிப் பங்குக்குப் போய் டீசல் போட்டுக்கொண்டு வராது. டீசல்தான் அதைத் தேடி வயலுக்குப் போக வேண்டும்.

சரி, பங்குக்குப் போவோம். 'கேன், பாட்டிலில் தரப்படமாட்டாது' என்று போர்டு. கேட்டால் 'மேலிடத்து உத்தரவு'. எந்த உத்தரவு, என்ன தேதி, நகல் காட்டுங்கள் என்றால் பதில் இல்லை. பங்குக்காரருக்குத் தெரிந்தவர் போனால் கேன் நிறைகிறது. புருஷன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, வாடகைக்கு எஞ்சின் எடுத்து நாற்றங்காலைக் காப்பாற்றப் பார்க்கும் பெண்கள் கேனைப் பிடித்துக்கொண்டு நின்று, வெறும் கையோடு திரும்பியிருக்கிறார்கள். வண்டி டேங்குக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடுகிறார்கள், கேனுக்குத்தான் தடை. அப்படியானால் விவசாயி என்ன செய்வான்? வண்டிக்கு ஒரு பெரிய டேங்க் வைப்பான்.

இதோடு காரைக்கால் விலை சேர்ந்துகொண்டது. நாகூர் தாண்டி வாஞ்சூர், அந்தப் பக்கம் நண்டலாறு, எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. பல வருஷமாகவே இப்படித்தான். 2021 நவம்பரில் மத்திய அரசு டீசல் கலால் வரியைப் பத்து ரூபாய் குறைத்தபோது, புதுச்சேரி அரசு தன் பங்குக்கு ஏழு ரூபாய் குறைத்தது. தமிழ்நாடு அப்போது தன் வரியைக் குறைக்கவில்லை. லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் வித்தியாசம் விழுந்தது. 2025 ஜனவரியில் புதுச்சேரியும் வரியை உயர்த்தியதால் இடைவெளி சுருங்கியது. ஆனாலும் நடுவில் அந்த மூன்று வருஷத்தில்தான் நம் பக்கத்துப் பட்டறைகளில் டேங்க் அடிக்கும் வேலை சூடு பிடித்தது. குட்டி யானையின் கம்பெனி டேங்க் முப்பது லிட்டர் அளவுதான். பின்பெட்டியில் கேபினை ஒட்டி இருநூறு லிட்டர் டேங்க் ஒன்றை மாட்டி, ஹோஸ் இழுத்து, டி-ஜாயிண்ட் போட்டு, பழைய டேங்கோடு இணைத்துவிட்டால் வண்டிக்கும் ஆச்சு, ஊரில் பத்து எஞ்சினுக்கும் ஆச்சு.

இதைச் செய்தவனைத் திருடன் என்று எங்களால் சொல்ல முடியாது. இல்லாத வழியை அவன் உண்டாக்கப் பார்த்தான், அவ்வளவுதான். ஆனால் அவன் உண்டாக்கிய பொருள் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் சங்கம் எதற்கு?

பட்டறை டேங்க் என்ன செய்யும்?

டீசலில் தீக்குச்சியைப் போட்டால் அணைந்துவிடும் என்று டீக்கடையில் சொல்வார்கள். மார்கழி மாதக் காலையில் சொன்னால் சரியாக இருக்கலாம். நம் நாட்டு டீசல் எந்தச் சூட்டில் தீப்பிடிக்கும் ஆவியை விடத் தொடங்கலாம் என்பதற்கு அரசுத் தரம் வைத்திருக்கும் கீழ் எல்லை 35 டிகிரி. சித்திரை, வைகாசி வெயிலில் காற்றின் சூடே அதைத் தாண்டுகிறது. வெயிலில் நிற்கும் தகரத்தின் சூட்டைக் கை வைத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூடு ஏறினால் டீசல் பெருகவும் செய்யும். இருநூறு லிட்டரில் இருபது டிகிரி ஏறினால் மூன்று லிட்டருக்கு மேல் கூடும். அது போக இடம் வேண்டும், ஆவி வெளியேற ஒழுங்கான மூச்சுக்குழாய் வேண்டும். பட்டறைக்காரர் மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் கொடுக்கிறார். வண்டி குலுங்கும்போது அந்த ஓட்டை வழியாக டீசல் பின்பெட்டி முழுக்க நனைகிறது. அதன் மேலேயே வைக்கோல் கட்டை ஏற்றுகிறோம்!

அடுத்தது இணைப்பு. மேலே இருக்கும் டேங்கிலிருந்து கீழே இருக்கும் கம்பெனி டேங்குக்கு டீசல் தானாக இறங்குகிறது. வால்வை மூட மறந்தால் கீழ் டேங்க் நிரம்பி, அதன் மூச்சுக்குழாய் வழியாக ரோட்டில் கொட்டும். பின்னால் பைக்கில் வருபவன் வழுக்கி விழுவான். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. டீசல் எஞ்சின் தனக்கு வந்த டீசல் முழுவதையும் எரிப்பதில்லை. மிஞ்சியதை ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்பும், அதுவும் சூடாக அனுப்பும். எடுப்பது புது டேங்கிலிருந்து, திரும்பிப் போவது பழைய டேங்குக்கு என்று மாட்டியிருந்தால் பழைய டேங்க் மெல்ல மெல்ல நிரம்பி வழியும். ஓட்டுகிறவருக்கு முள்ளில் 'ஃபுல்' என்று காட்டும், அவர் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருப்பார்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை பி.எஸ்.6 வண்டிகள். பழைய எஞ்சின்கள் எந்தக் கழுநீரைக் கொடுத்தாலும் குடித்தன. இப்போதைய எஞ்சினில் டீசலை ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலே அழுத்தி, தலைமுடியைவிட நுணுக்கமான இடைவெளியில் பீய்ச்சுகிறார்கள். பட்டறை டேங்கின் துருவும், இரவில் உள்ளே வேர்த்துச் சொட்டும் தண்ணீரும் அதற்குள் போனால் இன்ஜெக்டர் போயிற்று. ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே என்று அதில் அடிக்கிறார்கள். அதன் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு டீசலோடு சேர்ந்து பிசுக்காகி ஃபில்டரை அடைக்கும். டீசலுக்கு ஜி.ஐ. ஆகாது என்பது பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த சங்கதி. நாலு இன்ஜெக்டர் மாற்றக் கேட்கும் பணத்துக்குக் காரைக்காலுக்கு எத்தனை தடவை போக வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எடை: இருநூறு லிட்டர் டீசல் 165 கிலோ, டேங்க் 35 கிலோ என்று வைத்தால் இருநூறு கிலோ. நான்கு யூரியா மூட்டைக்கு மேல். அதுவும் அசையாத மூட்டை இல்லை. கம்பெனி டேங்குக்குள், பெரிய லாரி டேங்குக்குள் தடுப்புத் தகடு இருக்கும். பட்டறை டேங்கில் அதை வைப்பவர் அபூர்வம். பாதி டேங்கோடு மதகுப் பாலத்தில் வளைத்தால் எண்பது கிலோ டீசல் ஒரு பக்கமாக மோதுகிறது. குட்டி யானையின் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, அது எப்படிக் கவிழும் என்பதெல்லாம் நம் ஊர் வாய்க்கால் பாலங்களுக்கே தெரியும்.

பழைய டேங்கில் ஒழுக்கு என்று வெல்டிங்குக்குக் கொண்டு போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். டீசலை வடித்துவிட்டோம், காலி டேங்க்தானே என்று நினைக்கிறார்கள். காலி டேங்கில்தான் ஆவி நிற்கிறது. நம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த பையன் இப்படித்தான் முகமும் வலது கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனும் இரண்டு மா நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை நாம் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரருக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. வண்டி போன பின்னும் ஃபைனான்ஸ் தவணை நிற்காது.

இப்போது லாபக் கணக்கு. லிட்டருக்கு ஏழு ரூபாய் மிச்சம் இருந்த காலத்தையே எடுத்துக்கொள்வோம். இருநூறு லிட்டருக்கு ஆயிரத்து நானூறு. போக நாற்பது, வர நாற்பது கிலோமீட்டர் என்றால் வண்டி குடிக்கும் டீசல் ஐந்தரை லிட்டர், ஐநூறு ரூபாய். மிஞ்சுவது தொள்ளாயிரம். ஒரு தடவை பிடிபட்டால் ஐந்தரை நடை காலி. வாய்தாவுக்கு அலையும் நாட்கூலியை யார் கொடுப்பார்கள்? சில இடங்களில் அபராதமே போடாமல், இருநூறு முன்னூறு வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள் என்று தம்பிமார்கள் சொல்கிறார்கள். ஆமாம். நாம் மாட்டிய டேங்க் அவர்களுக்கு மாதச் சம்பளமாகிவிட்டது. அதற்கா நாம் டேங்க் அடித்தோம்?

இந்தச் சட்டம் நமக்கு எதிராக மட்டுமே இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு சட்டம் இருக்கிறது. சாவடியில் நிற்கும் அதிகாரிகளில் பலரும் படிக்காத சட்டம். 1934ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டம், 7ஆவது பிரிவு. டீசல் அதில் 'பி' வகுப்பு. ஒருவர் ஓர் இடத்தில் 2,500 லிட்டர் வரை 'பி' வகுப்புப் பெட்ரோலியம் வைத்திருக்கவோ கொண்டுபோகவோ லைசென்ஸ் தேவையில்லை. எந்தக் கலனும் ஆயிரம் லிட்டருக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது, விதிமுறைப்படி கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். நாம் கேட்பது 2,500 இல்லை. ஒரு பேரல்! அதைச் சுமப்பவனைக் கடத்தல்காரன் என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது. பெட்ரோல் விஷயம் வேறு. அது 'ஏ' வகுப்பு, அதற்கு அளவு மிகக் குறைவு, ஆபத்தும் அதிகம். பங்குக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் 'கேன் கிடையாது' என்று போர்டு மாட்டிவிட்டார்கள்.

ஆகவே வித்தியாசத்தை மனதில் வையுங்கள். வண்டியின் எஞ்சினோடு இணைந்து வண்டி குடிக்கிற டேங்க் என்றால் அது வண்டியை மாற்றியதாகும், குற்றம். எந்த இணைப்பும் இல்லாமல், இறுகக் கட்டி, மூடி போட்டு, வண்டி சுமந்துபோகிற பேரல் என்றால் அது சரக்கு. அமெரிக்காவில் விவசாயிகள் பிக்கப் பின்பெட்டியில் டீசல் டேங்க் வைத்து டிராக்டருக்கு ஊற்றுவது அன்றாடக் காட்சி. அங்கேயும் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறார்கள். சோதித்துப் பார்த்த டேங்க் கடையிலேயே கிடைக்கிறது. நமக்கு அப்படி ஒன்று விற்கிற கடை எங்கே? இங்கேதான் அரசாங்கத்தின் வேலை வருகிறது.

2002ஆம் வருஷத்துப் பெட்ரோலிய விதிகள், டீசல் கொண்டுபோகும் கலன் ஒப்புதல் பெற்ற வகையாக இருக்க வேண்டும் என்கின்றன. நியாயம். அந்தக் கலனை நம் கூட்டுறவுச் சங்கத்தில் கண்டதுண்டா? உரம் கொடுக்கிற, விதை கொடுக்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒப்புதல் பெற்ற கேனும் பேரலும் வாங்கி வைத்து, மானிய விலையில் கொடுக்கட்டும். முடியாதவர்களுக்கு வாடகைக்கு விடட்டும். தெளிப்பான் வாடகைக்குக் கிடைக்கும்போது டீசல் பேரல் கிடைக்கக் கூடாதா? இதைவிட ஒரு படி மேலேயும் போகலாம். கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பெட்ரோல், டீசல் பங்க் நடத்த விண்ணப்பிக்கலாம் என்று 2023இல் மத்திய அரசே வழி திறந்துவிட்டது. கடைமடை ஒன்றியத்துக்கு ஒரு சங்க பங்க் என்று வைத்தால் காரைக்காலுக்கு ஓடுகிறவர் பாதியாகக் குறைவார். வண்டியில் பம்ப் பூட்டி வாசலுக்கே டீசல் கொண்டுவந்து கொடுக்கும் முறையை எண்ணெய்க் கம்பெனி 2018இல் புனேயில் தொடங்கியது. ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கும் தொழிற்சாலைக்கும் போகிற அந்த வண்டி, அறுவடைக் காலத்தில் இரண்டு மாதம் நம் வடிகால் கரைக்கு வந்தால் டயர் தேய்ந்துவிடாது.

வரி யாருக்கு?

டேங்கைக் கழட்டச் சொல்கிற நாங்கள், டேங்க் மாட்டக் காரணமான விலையைப் பற்றிப் பேசாமல் போக மாட்டோம்.

டீசல் மேல் மத்திய அரசு போடும் வரிக்குள் சாலை உள்கட்டமைப்பு செஸ் என்று ஒன்று இருக்கிறது. ரோடு போட. வரப்பில் நிற்கும் எஞ்சின் எந்த ரோட்டில் ஓடியது? வயலில் உழும் டிராக்டர் எந்த டோல்கேட்டைத் தாண்டியது? இன்னொரு செஸ்ஸின் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். 'வேளாண் உள்கட்டமைப்பு மற்றும் வளர்ச்சி செஸ்'. 2021 பட்ஜெட்டில் கொண்டுவந்தார்கள். பெட்ரோலுக்கு லிட்டருக்கு இரண்டரை ரூபாய், டீசலுக்கு நான்கு ரூபாய். விவசாயத்தை வளர்க்க, காரில் போகிறவனைவிட வயலுக்கு இறைக்கிறவனிடம் அதிகமாக வாங்குகிறார்கள்! இருநூற்றைம்பது லிட்டருக்கு ஆயிரம் ரூபாய் இந்த ஒரு செஸ்ஸில் மட்டும் போகிறது. மாநில அரசு 2020 மே மாதம் டீசல் வரியை 25 விழுக்காடு என்பதிலிருந்து, 11 விழுக்காடும் அதோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று மாற்றியது. அந்த விழுக்காட்டை விடுங்கள், அந்த 9 ரூபாய் 62 காசை மட்டும் பெருக்கினால் இருநூற்றைம்பது லிட்டருக்கு 2,405 ரூபாய். 2021 தேர்தலில் டீசலுக்கு நான்கு ரூபாய் குறைப்போம் என்று வாக்குறுதி வந்தது. அந்த ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைந்தது. டீசலுக்குக் குறையவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் டீசல் மட்டும் அவர்களுக்குக் கறவை மாடு.

முடியாததைக் கேட்கிறோமா? நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். மீன்பிடி படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் இருக்கிறது. மீனவச் சகோதரர்கள் போராடிப் பெற்றது. அதில் ஒரு லிட்டர்கூடக் குறையக் கூடாது என்றுதான் நாமும் சொல்வோம். கடலில் ஓடும் எஞ்சினுக்கு ரோட்டு வரி வேண்டாம் என்றால் கரையில் இறைக்கும் எஞ்சினுக்கு மட்டும் எதற்கு? பீகாரில் மழை பொய்த்தால் விவசாயிக்கு டீசல் மானியம் கொடுக்கிறார்கள். 2023இல் லிட்டருக்கு 75 ரூபாய், ஏக்கருக்கு ஒரு பாசனத்துக்குப் பத்து லிட்டர் என்று கணக்கு. நாம் மேலே சொன்ன அதே பத்து லிட்டர்! பீகார் அரசுக்குத் தெரிந்த கணக்கு நம் அரசுக்குத் தெரியாதா?

வெளிநாட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் சாலைக்கென்று காலனுக்கு 24.4 சென்ட் டீசல் வரி. வயலில் ஓடும் டீசலுக்கு அது கிடையாது. தவறாகப் பயன்படுத்தாமல் இருக்க அந்த டீசலில் சிவப்புச் சாயம் கலந்துவிடுகிறார்கள். ரோட்டு வண்டியில் சிவப்பு டீசல் இருந்தால் அபராதம். ஜெர்மனியில் விவசாய டீசலுக்கு லிட்டருக்கு 21 சென்ட் வரி திருப்பிக் கொடுத்து வந்தார்கள். 2023 டிசம்பரில் அதை நிறுத்தப் போகிறோம் என்றதும் 2024 ஜனவரியில் டிராக்டர்கள் பெர்லினுக்குள் புகுந்தன. 2025இல் வந்த புதிய கூட்டணி திருப்பித் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டது. பிரான்சில் அதே 2024 ஜனவரியில் டிராக்டர்களை நெடுஞ்சாலையில் நிறுத்தினார்கள். விவசாய டீசல் மேல் போட இருந்த வரி உயர்வை அரசு கைவிட்டது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போடத் தெரிந்த அரசுக்கு இதெல்லாம் புரியாத வித்தை இல்லை. சாயம் வேண்டாம், சிட்டா அடங்கலைப் பார்த்து ஏக்கர் கணக்கில் வரியைத் திருப்பி வங்கிக் கணக்கில் போட்டாலும் சரி. குத்தகைதாரர் விடுபடாமல் அதைச் செய்ய வேண்டும். சொந்த நிலம் இல்லாமல் பயிர் வைப்பவர்தான் நம்மில் பாதி.

செயற்குழுவில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, இதெல்லாம் கிடைக்கிற வரைக்கும் நாங்க என்ன பண்றது? நாத்து காத்துக்கிட்டு இருக்குமா?" நியாயமான கேள்வி. அதனால்தான் கோரிக்கையில் முதலில் வைத்திருப்பது உடனே செய்யக் கூடியது: சிட்டா அடங்கல் அல்லது கிராம நிர்வாக அலுவலர் சான்று காட்டினால், ஒப்புதல் பெற்ற கலனில் டீசல் கொடுக்கும்படி கலெக்டர் பங்குகளுக்கு எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அந்த நகலைச் சாவடிகளிலும் ஒட்ட வேண்டும். பேரலைக் கட்டிப் போகும் வண்டியை நிறுத்தினால் அந்த நகலைக் காட்டிவிட்டுப் போகலாம். இதற்குப் பட்ஜெட் வேண்டாம், சட்டசபை வேண்டாம், ஒரு கையெழுத்து போதும். இரண்டாவது, கூட்டுறவுச் சங்கத்தில் கலன். மூன்றாவது, டேங்கைத் தானாகக் கழட்டி வருபவர்களின் வண்டிக்குப் பழைய மாற்றத்தைக் காரணம் காட்டி அபராதம் போடாமல் எஃப்.சி. கொடுக்க மூன்று மாத அவகாசம். வரி விலக்கும் சங்க பங்கும் நீண்ட போராட்டம். அதை இத்தோடு தொடங்குகிறோம்.

டேங்க் கழட்டும்போது வெல்டிங் வைத்து அறுக்க வேண்டாம். டீசலை வடித்து, போல்ட்டைக் கழற்றி, திறந்த வெளியில் மூடியைத் திறந்து வையுங்கள். கம்பெனி டேங்கிலிருந்து வரும் லைனில் போட்ட டி-ஜாயிண்டையும் எடுத்துவிட்டு, ஹோஸை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பழையபடி பூட்டச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் கூலி பற்றி இரண்டு மெக்கானிக்குகளிடம் பேசியிருக்கிறோம். சங்க உறுப்பினர் சீட்டோடு போனால் குறைத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிளைச் செயலாளரிடம் விவரம் கேளுங்கள்.

இந்த மாத விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் முன் ஆர்ப்பாட்டம். தேதி கிளைகளுக்குத் தனியாக வரும். வருபவர்கள் சிட்டா நகல், கையில் இருக்கிற டீசல் பில், அபராதம் கட்டியவர்கள் அதன் ரசீது, ஆளுக்கு ஒரு காலிக் கேன் கொண்டுவர வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய கேன். பங்கில் கேனோடு நின்று திரும்பிய பெண்கள் முன்வரிசையில் நின்று முதலில் பேசுவார்கள். காலை எட்டரை மணிக்குச் சங்க அலுவலக வாசலிலிருந்து புறப்படுகிறோம். சரக்கு வண்டியில் ஆளை ஏற்றிக்கொண்டு வர வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். பஸ் காசு இல்லாதவர்கள் முதல் நாளே கிளைச் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.